ஒரு பீடிக்கு நாலு விரல்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஆடி மாதம், மூன்றாம் வெள்ளிக்கிழமை.

டெல்லியில் பெரிய பெரிய கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசிவரும் மைத்துனன் சிரஞ்சீவி கைலாசத்துக்கு, உன் அக்காள் துளசியைக் கட்டிக்கொண்டு இருபத்தேழு வருடமாகத் தறியும் தானுமாகக் காலம் தள்ளும் பஞ்சாட்சரம் ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் ஏகாம்பரநாதர் கிருபையில் நான், உன் அக்காள், மகள் அனு மூவரும் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்தைக் கேட்டு எழுத வேண்டிய அவசியமில்லை. போனில் நீ போடுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நிற்க. "மாமா, உங்க அனுபவத்தை உங்க கையெழுத்துலயே எழுதி அனுப்புங்க. புகையிலைத் தீங்கு குறைப்புன்னு ஒரு பெரிய மாநாடு நடக்குது, அங்க வாசிக்கணும். அந்தப் புடவை போட்டோவும் கூட வேணும்" என்று நீ செவ்வாய்க்கிழமை போன் செய்தாயா? புதன்கிழமை காலையில் என் சம்பந்தி ஜெயக்குமார் வந்து நிற்கிறார். "சம்பந்தி, புகையிலை ஒழிப்பு முகாம் நடத்தறோம், நீங்க வந்து பேசணும், அந்தப் புடவையையும் எடுத்துக்கினு வாங்க" என்கிறார். ஒரே புடவை, அதை வைத்துக்கொண்டு நீ ஜெயித்தேன் என்கிறாய், அவரும் ஜெயித்தேன் என்கிறார். அதனால் நடந்தது நடந்தபடி ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன். இதில் ஒரு காப்பி அவருக்கும் போகும். வாசிப்பதானால் முழுக்க வாசி. உனக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் கத்தரித்து வாசித்தாய் என்று தெரிந்தால் அனு கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிகை வராது.

அந்த மாநாட்டில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நெசவு தெரியாது, எனவே அடியிலிருந்து சொல்கிறேன். பட்டுப் புடவையின் உடலில் சரிகைப் பூக்கள் வரிசை வரிசையாக வரும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் விடுகிற இடைவெளி புடவை முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும். மற்ற நெசவாளிகள் அதற்கு அளவுக்குச்சி வைத்திருக்கிறார்கள். நான் பீடி வைத்திருந்தேன். ஒரு வரிசைப் பூ முடிந்ததும் ஊடு நூல் சுற்றிய நாடாவை ஓட்டி நெய்துகொண்டே போவேன். நாலு விரல் அகலம் போனதும் தொண்டையில் ஒரு அரிப்பு வரும். அது பீடி கூப்பிடுகிற சத்தம். உடனே எழுந்து தெருக்குழாய் பக்கம் போய் ஒன்று பற்றவைத்து, இழுத்து முடித்து, திரும்பி வந்து அடுத்த வரிசைப் பூவைப் போடுவேன். அதாவது ஒரு பீடிக்கு நாலு விரல். இது உன் அக்காளுக்கும் அத்துபடி. கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டுமே, நான் உடல் நாடாவை ஓட்ட அவள் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை ஓட்டுவாள். எனக்கு அரிப்பு வருகிற சமயத்தில் அவளும் தொண்டையைச் செருமுவாள். புகை வரப்போகிறது என்று அவள் தொண்டைக்கே தெரிந்துவிடும் போல. பெரிய காஞ்சிபுரத்து ஜவுளிக்கடை முதலாளிகள் என் புடவையை விரித்துப் பார்த்துவிட்டு, "பஞ்சாட்சரம், உன் ஒடம்புக்குள்ளயே ஸ்கேல் இருக்குதுப்பா" என்பார்கள். நான் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொள்வேன். ஸ்கேல் என் சட்டைப் பையில் கட்டாக இருந்தது.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது போன மாசியில். இரண்டு வாரம் விடாமல் இருமினேன். அனு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அனுவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பது உனக்குத் தெரியும், திருகாணி ஒரு நூல் தடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அப்பா, முகூர்த்தத்துக்கு உன் கையால நெய்த புடவைதான் கட்டிக்குவேன். ஆனா அதுல ஒரு பீடி கூட இருக்கக் கூடாது. இருந்துச்சி, கடையில போயி ரெடிமேடா ஒன்னு வாங்கிக் கட்டிக்கினு மேடை ஏறுவேன். நாளைக்கு என் கொழந்தையைத் தூக்கிக்க உனக்கு மூச்சு வேணும்பா." பிள்ளையார்பாளையத்து நெசவாளி மகள் கடைப் புடவையில் தாலி கட்டிக்கொள்வதா? தெருவில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? சரி என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் வந்தது நிச்சயதார்த்தம், அப்புறம் வந்தது நீயும் சம்பந்தியும் இலைக்கு முன்னால் போட்ட சண்டை. சம்பந்தியைப் பற்றி உன் கூட்டத்தாருக்கு ஒரு வார்த்தை: மாப்பிள்ளை இளவரசனின் அப்பா, சின்ன காஞ்சிபுரத்துக்காரர், சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சிகரெட் பற்றவைக்கப் பெட்டிக்கடைகளில் தொங்கிய கயிற்றையெல்லாம் ஊர் முழுக்கக் கத்தரித்தவர். நீ சும்மா இருக்காமல், "விட முடியாதவங்களுக்கு எறங்கறதுக்கு ஒரு படி வேணும் சார், அதுக்குப் பேருதான் தீங்கு குறைப்பு" என்று ஆரம்பித்தாய். அவர் அப்பளத்தைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் குறைப்பு? ராஜகோபுரத்து உச்சியில நின்னுக்கினு குதிக்கப் போறவன்கிட்ட, மூணாம் நெலைக்கு எறங்கி வந்து குதிப்பான்னு சொல்வீங்களா?"

"சொல்வேன் சார். கால் ஒடியும், ஆள் இருப்பான். நீங்க கீழ நின்னு குதிக்காத குதிக்காதன்னு கத்திக்கினே இருப்பீங்க, அவன் குதிச்சிடுவான்."

"அந்த மூணாம் நெலையில டிக்கெட் கிழிக்கிறது யாரு? அதே சிகரெட் கம்பெனிக்காரன்! மேலயும் அவன் கடை, நடுவுலயும் அவன் கடை!"

"மின் சிகரெட்டைத் தடை பண்ணாங்களே சார், பீடியைப் பண்ணாங்களா? ஆபத்து கம்மியானது கோர்ட்டுல நிக்குது, ஜாஸ்தியானது கடையில தொங்குது."

"விட்டா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாம்பழ வாசனைன்னு அத்த ஊதிக்கினு திரியும், அப்பால நீங்க வந்து அதுக்கு ஒரு குறைப்பு சொல்வீங்க!"

கோபுரத்து உச்சியில் நிற்கிறவன் நான்தான் என்பதையே இருவரும் மறந்துவிட்டீர்கள். நான் வடையைப் பிட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். உன் அக்காள் பாயசம் எடுத்து வந்தாள். "மொதல்ல சாப்புடுங்க, ஆறிடப் போவுது" என்றாள். அதற்கு மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது, அதற்குள் உங்கள் இரண்டாவது ரவுண்டு ஆரம்பமாகிவிட்டது.

ஆனி பிறந்ததும் தறியில் பாவு நூல் ஏற்றினேன். அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை, உடல் முழுக்க அன்னப் பூ. சம்பந்தி உள்ளூர்க்காரர், தினமும் வந்து எட்டிப் பார்ப்பவர், அதனால் முதலில் அவர் முறை: ஒரேயடியாக நிறுத்துவது. நிறுத்தினேன். ஐயோ கைலாசம், அந்த இரண்டு நாளை விரோதிக்கும் கொடுக்காதே. நாலு விரலுக்கு ஒரு தடவை வந்த அரிப்பு நாலு இழைக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தது. இதில் உன் அக்காளுக்குச் சளி வேறு, காதோரத்தில் லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டே இருந்தாள், எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. அரிப்பு வந்தால் பூப் போட்டே பழகிய கை, தானாகப் போட்டுக்கொண்டே போயிற்று. இரண்டாம் நாள் சாயங்காலம் சுதாரித்துக்கொண்டு பார்க்கிறேன், ஒன்றரை முழத்துக்கு அன்னத்தின் மேல் அன்னம், மூக்கும் வாலும் முட்டிக்கொண்டு, தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி நிற்கின்றன. உன் அக்காள் வாயில் அடித்துக்கொண்டாள். சரிகை விழுந்த இடத்தைப் பிரித்தால் பட்டு நைந்துவிடும். "உள்கட்டுல போற பாகந்தானே, விடு" என்று சொல்லிவிட்டுத் தறியை விட்டு இறங்கினேன்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது என்ன? நீயே உன் வாயால் சொன்னது: "ஒன்னும் கவலைப்படாதீங்க மாமா. தெனம் காலையில குளிச்சி, ஈரம் போகத் தொடைச்சிட்டு, கை மேல ஒரு பட்டை. ராத்திரி வரைக்கும் அழியக் கூடாது. நம்பிக்கையா போடுங்க, ஆசை தானா அடங்கும்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. டெல்லிக்குப் போய்ப் பையன் கெட்டுவிட்டான் என்று நினைத்திருந்தோமே, பக்தி இவ்வளவு முற்றியிருக்கிறதே என்று நினைத்தேன். நாற்பது வருடமாகப் போட்டுவருகிற விபூதிப் பட்டைதான், இருந்தாலும் சிரத்தை போதவில்லை போலும் என்று, மறுநாளிலிருந்து கைக்கு மூன்று, நெஞ்சுக்கு மூன்று, நெற்றிக்கு மூன்று எனக் குழைத்துப் பூசிக்கொண்டு, அழியக் கூடாதே என்று கையை அகட்டி வைத்துக்கொண்டு இரண்டு நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆசை அடங்கவில்லை. மூன்றாம் நாள் நீ போன் செய்து, "கூரியர் வந்துதா மாமா, பட்டை ஒட்டினீங்களா?" என்று கேட்ட பிறகுதான் அது நிகோடின் பட்டை என்றும், பிளாஸ்திரி மாதிரி தோலில் ஒட்டிக்கொள்வது என்றும் விளங்கியது. நிகோடின் பிளாஸ்திரி என்று முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

கூரியர் வந்தது. கூடவே நிகோடின் சூயிங்கம் ஒரு பெட்டி. கம்மைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மிளகை மென்ற மாதிரி இருந்தது, மென்றதைத் தறிப் பலகைக்கு அடியில் ஒட்டி வைக்கிறேன் என்று பலகைக்கு மேலேயே வைத்து உட்கார்ந்துவிட்டேன், எழுந்தபோது வேட்டியோடு பலகையும் எழுந்தது. பிளாஸ்திரியைக் கையில் ஒட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவேண்டும், அரிப்பு அடங்கியது. ஆனால் நான் ஒட்டிக்கொண்டதைப் பார்த்த உன் அக்காள் என்ன நினைத்தாள் தெரியுமா? தம்பி டெல்லியிலிருந்து வலிப் பிளாஸ்திரி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாள். அவளுக்குத்தான் முதுகு வலி தீராத வலியாயிற்றே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதுகில் இரண்டு ஒட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, தலை சுற்றுகிறது என்றாள், வாந்தி எடுத்தாள், நெஞ்சு படபடக்கிறது என்று தறி மேலேயே சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் ஓடி வந்து பார்த்துவிட்டு, முகவாயில் கை வைத்து, "பொண்ணுக்குக் கல்யாணத்த வெச்சிக்கினு இன்னாடி இது அசிங்கம்!" என்றாள். அதை அவள் சொன்ன சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை எந்த மாநாட்டில் போய்ச் சொல்வது?

ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவள் முதுகிலிருந்து அந்த இரண்டையும் அவர் பிய்த்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பீங்கம்மா?" என்று உன் அக்காளைக் கேட்டார். கண்ணை மூடிப் படுத்திருந்தவள், "இவரு எத்தனை பீடி புடிக்கிறாரோ அத்தனை" என்றாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தால், "அய்யய்யோ, அது பிடிக்கிறவங்களுக்குத்தான் மாமா, பிடிக்காதவங்க ஒட்டக் கூடாது, அக்கா பிடிக்காதவங்களாச்சே" என்று நீ பதறுகிறாய். விஷயம் கேள்விப்பட்டு வந்த சம்பந்தி, "பார்த்தீங்களா குறைப்போட லட்சணத்த? இல்லாத எடத்துக்கும் பரவுது!" என்று ஒரு மணி நேரம் சொற்பொழிவு செய்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

உன் அக்காள் மூன்று நாள் படுத்துவிட்டாள். முகூர்த்தம் ஆவணியில், தறியை நிறுத்த முடியாது. தில்லையம்மாள் வந்து கரை நாடா ஓட்டினாள். மனுஷி வாய் மூடவில்லை, அந்தத் தெரு கதை இந்தத் தெரு கதை என்று கொட்டிக்கொண்டே இருந்தாள். என் கையில் பிளாஸ்திரி. அரிப்பு வரட்டும், பூப் போடலாம் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால் மூன்று முழத்துக்கு ஒரே ஒரு அன்னம், அதுவும் அவள் தும்மியபோது திடுக்கிட்டுப் போட்டது. தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி சிவப்பு மட்டும் விரிந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பக்கம் நெரிசல், ஒரு பக்கம் வெறுமை, முப்பது வருடம் கட்டிக் காத்த பெயர் மகள் கல்யாணப் புடவையில் வந்து கவிழ்ந்ததே என்று. பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தேன்.

நாலாம் நாள் உன் அக்காள் எழுந்து வந்து தறியில் உட்கார்ந்தாள். புடவையைத் தடவிப் பார்த்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "ஒன்னு பண்ணுங்க. நீங்க ஓட்டிக்கினே இருங்க. எப்போ பூன்னு நான் சொல்றேன். எழுந்து போவ வேணாம்" என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "தெரியும்" என்றாள். அன்றிலிருந்து அவள் "பூ" என்பாள், நான் போடுவேன். அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்பது எனக்கும் நாடாவுக்கும்தான் தெரியும். பீடி இல்லாத வாயில் ஏலக்காய், கிராம்பு, ஒரு முறை சீப்பின் பல். வாசலில் போன பால்காரரை மணி அடித்ததற்காகத் திட்டினேன். உன்னிடம் மறைப்பானேன், தறிக்குழியில் கால்மிதிக் கட்டைக்குப் பின்னால் ஒரு கட்டு பீடியை ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒளித்தும் வைத்திருந்தேன். ஆனால் தொடவில்லை. ஏழு முழம், முந்தானை வரைக்கும், ஒரு பீடி கூட இல்லாமல் நெய்தேன் கைலாசம்.

போன ஞாயிற்றுக்கிழமை அனு புடவையைப் பார்க்க உட்கார்ந்தாள். கம்பெனியில் பயன்படுத்துகிற இரும்பு ஸ்கேலும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடைவெளியாக அளந்தாள். நெரிசலுக்கு வந்ததும், "இங்க ஜெயக்குமார் மாமா" என்று எழுதினாள். வெறுமைக்கு வந்ததும், "இங்க டெல்லி மாமா" என்று எழுதினாள். கடைசி ஏழு முழத்துக்கு வந்தாள். ஆறு புள்ளி எட்டு சென்டிமீட்டர், ஆறு புள்ளி எட்டு, ஆறு புள்ளி எட்டு. ஸ்கேலைக் கீழே வைத்தாள். முகம் செத்துப்போயிற்று.

"மறுபடி ஆரம்பிச்சிட்ட இல்லப்பா?"

"இல்லம்மா!"

"ஒரு பீடிக்கு நாலு விரல்னு ஊரெல்லாம் நீதானே சொல்லிக்கினு இருந்த? பழையபடியே வந்துருக்குது. ஒரு நூல் பிசகல. பீடி இல்லாம உனக்கு எப்படிப்பா அளவு வரும்?"

யோக்கியமாக நெய்த ஏழு முழமும் எனக்கே எதிர்ச்சாட்சி சொல்கிறது, பார்த்தாயா என் கிரகத்தை! "அம்மாதான் சொன்னா, அம்மாவுக்கு அளவு தெரியும்" என்று கத்தினேன். அனு நம்பவில்லை. அம்மா என்னைக் காப்பாற்றப் பொய் சொல்வாள் என்பது அவள் எண்ணம். ரவிக்கைத் துண்டு இன்னும் தறியில்தான் இருந்தது. அனு தன் துப்பட்டாவால் உன் அக்காளின் கண்ணைக் கட்டி உட்காரவைத்தாள். "நீ நெய்யுப்பா. அம்மா பூன்னு சொல்லட்டும். நான் அளக்கறேன்." கரை நாடா ஓட்ட உன் அக்காளுக்குக் கண் தேவையில்லை. நெய்தோம். கை பாட்டுக்குத் துணியைத் தடவிக்கொண்டே, கண்கட்டோடு, "பூ" என்றாள். மூன்று வரிசைக்கு மத்தியானம் ஆகிவிட்டது. அனு தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அளந்தாள். ஆறு புள்ளி எட்டு, ஆறு புள்ளி எட்டு, ஆறு புள்ளி எட்டு. சும்மா அந்த இடைவெளியில் என் நாலு விரலையும் வைத்துப் பார்த்தேன், கொள்ளாமல் பிதுங்கியது. வயதாக ஆக விரல் பருத்துவிடும் போல, அது கிடக்கட்டும்.

அனு கண்கட்டை அவிழ்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவள் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்போ அப்பாவுக்கு அரிக்கும்போதெல்லாம் உனக்கும் உள்ள அரிச்சிக்கினு இருந்துச்சாம்மா? இருபத்தேழு வருஷமா நீயும்தான் குடிச்சிக்கினு இருந்தியாம்மா?" உன் அக்காள் மகள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய்த்தான் பிடித்தேன் என்று இத்தனை காலம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். மழை வந்தால் உள்ளேதானே பிடித்தேன்? குழாயடியில் பிடித்தாலும் புகை ஜன்னல் வழியாக அவள் பக்கம்தானே போயிற்று? நீயும் சம்பந்தியும் ராஜகோபுரத்தில் ஏறி இறங்கி என் நுரையீரலுக்கு வழி சொன்னீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நுரையீரலை நீங்களும் கேட்கவில்லை, கட்டிக்கொண்ட நானும் கேட்கவில்லை. தறிக்குழிக்குள் இறங்கி, ஆபத்துக்கென்று வைத்திருந்த அந்தப் பீடிக் கட்டை எடுத்தேன். இருவரும் பார்க்கப் பார்க்க எடுத்துக்கொண்டு போய்ச் சாயத் தண்ணீர் ஓடுகிற சாக்கடையில் போட்டேன். அது பச்சையாகி மிதந்து போயிற்று.

அனு கண்ணைத் துடைத்துக்கொண்டு புடவையை மடித்தாள். "இதத்தான் கட்டிக்குவேன். நெரிசல் உள்கட்டுல போயிடும், காலி எடம் கொசுவத்துல போயிடும். உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியும், அது போதும்பா" என்றாள்.

ஆகவே உன் மாநாட்டாருக்கும் சம்பந்தியின் முகாமுக்கும் நான் சொல்லிக்கொள்வது: ஒரேயடியாக நிறுத்தியதில் அன்னம் நெரிந்தது, குறைத்ததில் அன்னம் தொலைந்தது, பெண்டாட்டி பேச்சைக் கேட்டதில் அன்னம் ஒழுங்காயிற்று. நிகோடின் என் உடம்பில் ஏறியதும் இறங்கியதும் நூல் பிசகாமல் அந்தப் புடவையில் இருக்கிறது. என் உடம்புதான் அளவுக்குச்சி, இதைக் காமாட்சி சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். போட்டோ இதனுடன் இருக்கிறது.

நீ குடும்பத்தோடு நீண்ட ஆயுளும் குறையாத மூச்சும் பெற்று வாழ வேண்டும் என்று அம்பாளை வேண்டிக்கொள்கிறேன். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாக வந்துவிடு. பந்தியில் சம்பந்திக்கு எதிர் இலையில் உட்காராதே.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அக்காள் கணவன்,
பஞ்சாட்சரம்.

பின்குறிப்பு: கைலாசம், இது அக்கா எழுதறேன். கவர ஒட்டச் சொல்லி என் கையில குடுத்துட்டு இவரு குளிக்கப் போயிருக்காரு. முழுசா படிச்சேன். நடந்ததெல்லாம் நெசம். காரணம் ஒன்னு கூட நெசம் இல்ல. இவரு ஒடம்பு என்னிக்கும் எதையும் அளந்தது இல்லடா. அந்த நாலு விரல் என்னுது. கட்டிக்கினு வந்த புதுசுல உக்காந்து உக்காந்து முதுகு ஒடிஞ்சி போவும். பெரியவங்க முன்னாடி கொஞ்சம் எழுந்திருங்கன்னு புருஷன்கிட்ட சொல்ல முடியுமா? நாலு விரலு நெய்ததும் கைய வெச்சிப் பாத்துட்டுத் தொண்டையச் செருமுவேன். இவருக்கு ஒடனே பீடி ஞாபகம் வரும். எழுந்து போவாரு. நான் காலை நீட்டிக்குவேன். அவ்ளோதான் சமாச்சாரம். அந்த வாரம் எனக்குச் சளி, ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு அன்னம் போட்டாரு. தில்லையம்மாளுக்குச் சளி இல்ல, அதனால அன்னமும் இல்ல. அனு என் கண்ணைத்தான் கட்டினா, கையக் கட்டலையே. அத அவ கிட்டயும் சொல்லாத, இவரு கிட்டயும் சொல்லாத. அவ அழுததப் பாத்துதான் அந்தக் கட்டு சாக்கடைக்குப் போச்சி. அப்புறம் அவ அழுதது ஒன்னும் வீண் இல்ல. சளி போயிம் இருமல் நிக்கல, டாக்டரம்மா என் நெஞ்சையும் படம் எடுக்கச் சொல்லிக்கீறாங்க. திங்கக்கிழம போறேன், அதையும் இங்க யாருக்கும் சொல்லல. இப்ப இவரு பீடிய விட்டுட்டாரு, சந்தோஷம். ஆனா எழுந்தும் போறதில்ல. நான் செருமினா "பூ போட்டாச்சி, ஓட்டு"ன்றாரு. காலையில உக்காந்தா சோத்துக்குத்தான் எழுந்திருக்கறோம். நீ குறைப்பு குறைப்புன்னு ஊர் ஊராப் போயி பேசறியே தம்பி, எனக்குக் காலை நீட்ட ஒரு வழி இருந்தா சொல்லு. பீடி இல்லாத வழி.